வைரவனுக்காகச் சொன்ன 'போதும்'

2004ஆம் ஆண்டின் இலையுதிர்காலத்தில், லண்டனின் லூயிஷாமிலுள்ள விலங்கு மருத்துவமனையொன்றின் வரவேற்பு மேசையில் அமர்ந்திருந்த மாலினி, சச்சிதானந்தனை முதன்முதலாகக் கண்டாள். உண்மையில், முதலில் கண்டது அவருடைய நாயைத்தான். வாசலை அடைத்துக்கொண்டு நுழைந்த அந்த நாய்க்குப் பின்னால் அவர் முற்றாக மறைந்திருந்தார்.

"பேர் என்னங்க ஐயா?"

"சச்சிதானந்தன்."

"உங்க பேர் இல்லைங்க. நாய் பேரு."

"ஓ, இவர் வைரவன்."

மாலினி மலேசியாவிலிருந்து படிக்க வந்து இங்கேயே தங்கிவிட்டவள். அவரோ யாழ்ப்பாணத்திலிருந்து அகதியாக வந்து, பெட்ரோல் நிலையத்தில் இருபது ஆண்டுகள் ஷிப்ட் பார்த்து ஓய்ந்தவர். மனைவி காலமாகிவிட்டார், மகள் வெம்பிளியில். வீட்டில் மிஞ்சிய துணை வைரவன் ஒருவன்தான். கோயில் அன்னதானப் பந்தியில் பரிமாறுவதில் அவரை மிஞ்ச ஆளில்லை. உண்பவர் இலைக்குக் குறுக்கே கையை நீட்டி மறித்தாலொழிய அவருடைய அகப்பை ஓயாது. மறித்தாலும் விரலிடுக்கு வழியே ஒரு துளி பாயசமாவது இறங்கியே தீரும்.

தராசு முப்பத்தொரு கிலோ காட்டியது. இருக்க வேண்டியது இருபத்தைந்து.

"என்னங்க சாப்பிடக் கொடுக்கிறீங்க?"

"சோறும் பருப்பும்தான், பிள்ளை. எங்கடை வீட்டிலை மச்சம் மாமிசம் சமைக்கிறேல்லை. நான் சைவம் எண்டதுக்காக இந்தச் சீவன் மெலியலாமோ? அதுதான் இது."

அவர் பையிலிருந்து எடுத்தது நாய்களுக்கான புரதப் பொடி டப்பா. பாலும் பட்டாணியும் தவிர வேறொன்றும் அதில் இல்லை என்பதைப் பூதக்கண்ணாடி வைத்துப் படித்த பின்னரே அதைச் சமையலறைக்குள் அனுமதித்திருந்தார்.

"எத்தனை கரண்டி போடுவீங்க?"

"கரண்டியோ! அகப்பையாலை போடுறனான்."

"எத்தனை அகப்பை?"

"அவன் போதும் எண்டு சொல்லுமட்டும்."

"நாய் எப்பங்க போதும்னு சொல்லும்?"

சச்சிதானந்தன் சற்றுச் சிந்தித்தார். "அதுதானே... இன்னும் ஒருநாளும் சொல்லேல்லை."

இரத்தப் பரிசோதனையைப் பார்த்த மருத்துவர் சிரிக்கவில்லை. வைரவனின் சிறுநீரகங்கள் ஏற்கெனவே சோர்ந்திருந்தன. மிகையான புரதம் அவற்றுக்குப் பெருஞ்சுமை என்றும், பொடியை நிறுத்தி, தாம் தரும் உணவை அளந்து கொடுக்காவிட்டால் நாய் நெடுநாள் தாங்காது என்றும் கண்டிப்பாகக் கூறினார். சச்சிதானந்தனின் கை, நாயின் கழுத்துப்பட்டையை இறுகப் பற்றிக்கொண்டது.

"சாப்பாட்டை நானே நிப்பாட்ட ஏலாது, பிள்ளை. கை கேளாது."

மாலினிக்கு ஒரு யோசனை தோன்றியது. "பந்தியில சாப்பிடறவங்க கையை வச்சு மறிப்பாங்கல்ல? வைரவனால முடியாது. அவனுக்காக நீங்களே மறிச்சிடுங்க."

அன்று முதல் அவருடைய வலக்கை பரிமாறியது. அளவு முடிந்ததும் இடக்கை கிண்ணத்தை மூடியது. "இன்னும் கொஞ்சம்?" என்று அவரே உபசரித்து, "ஐயோ, வேண்டாம், வயிறு நிரம்பிப்போச்சு" என்று அவரே மறுத்தார். வைரவன் இரண்டு கைகளையும் மாறி மாறிப் பார்த்தான்.

மூன்று மாதங்களுக்குப் பின் அவர் மீண்டும் வந்தார். வைரவன் இருபத்தாறு கிலோ, இரத்தமும் தேறியிருந்தது. அடுத்த வாரம் இருவரும் மகளுடன் வசிக்க வெம்பிளிக்குப் போவதாகச் சொன்னார். சொல்லும்போது அவருடைய கோட்டின் நடுப்பொத்தான் தெறித்து மேசையின்மேல் விழுந்தது.

மாலினி பொத்தானையும் அவரையும் பார்த்தாள். "மிச்சமிருந்த பவுடரை என்னங்க செஞ்சீங்க?"

அவர் கூரையைப் பார்த்தார். "நாலு டப்பா. எறிய மனம் வரேல்லை. பாலும் பட்டாணியும்தானே... கஞ்சிக்குள்ளை."

"ஐயோ! எவ்வளவு போட்டீங்க?"

"அகப்பையாலைதான். எனக்கு ஆர் பிள்ளை கை மறிக்கிறது?"

மாலினி சிரிப்பை அடக்கப் பெரும்பாடுபட்டாள். அவர் மருத்துவரின் அறை வாசலை ஒருமுறை நோட்டமிட்டு, குரலைத் தாழ்த்தினார்.

"டொக்டர் வாறதுக்கு முன்னம், நானும் ஒருக்கா உந்தத் தராசிலை ஏறட்டோ?"