இழைப்புளியின் இன்னொரு முனை

திண்டுக்கல் மேட்டுப்பட்டியில் ராயப்பராஜின் தச்சுப் பட்டறையில் கதவு செய்யக் கொடுத்தவர்கள் எல்லோருக்கும் அவரைத் தெரியும். அவர் மனைவி ரோஸ்மேரியைத் தெரிந்தவர்கள் குறைவு. வருகிறவர்கள் மரத்தைத் தட்டிப் பார்ப்பார்கள், விலையைக் கேட்பார்கள், போய்விடுவார்கள். மரத்துக்கு அந்தப் பக்கம் தரையில் உட்கார்ந்து இழைப்புளியை இழுக்கிற பெண்பிள்ளையை யார் கண்டார்கள்?

ரஃபியின் அறுவை மில்லிலிருந்து பலகையெல்லாம் மெஷினில் இழைத்துத்தான் வரும். ஆனால் மெஷின் விட்டுவைத்த அலையைக் கையால் எடுத்தால்தான் கதவு கதவாக நிற்கும் என்பது ராயப்பராஜின் பிடிவாதம். பெரிய பலகை ஒற்றை ஆளுக்கு அடங்காது. தரையில் அடிப்பலகை போட்டு அதன்மேல் மரத்தைக் கிடத்தி, ஒருவர் இழைப்புளியைத் தள்ள, எதிரே உட்கார்ந்தவர் முன்கட்டையைப் பிடித்து இழுக்க வேண்டும். கல்யாணமான புதிதில், இழுக்க இருந்த ஆள் திருப்பூருக்குப் போய்விட்டான். செத்த நேரம் வந்து பிடி என்று மனைவியைக் கூப்பிட்டார் ராயப்பராஜ். பிள்ளைகள் பிறந்து, படித்து, வேலைக்குப் போன பிறகும் அந்தச் செத்த நேரம் முடியவில்லை.

சேவுகம்பட்டியில் களையெடுத்து வளர்ந்தவளுக்குக் கொட்டாப்புளி எது, மூலைமட்டம் எது என்று அப்போது தெரியாது. போகப்போக, துளைக்குள் போய் உட்காரும் கழுந்தும், பலகை வந்து பொருந்தும் காடியும் வாயில் ஏறிவிட்டன. நாத்தனார் வீட்டுப் புருஷன் பெண்டாட்டி சண்டையைச் சொல்லும்போதுகூட, அங்கே கழுந்து ஆடிப்போச்சு என்றுதான் சொல்வாள்.

வீட்டுக்குள் அவர்கள் இருவரும் அதிகம் பேசிக்கொண்டதில்லை. பேச்செல்லாம் மரத்தின்மேல்தான். மகள் ஐரினுக்கு மாப்பிள்ளை பார்த்தது, மகன் படிக்கமாட்டேன் என்று அடம்பிடித்தது எல்லாம் இழைப்புளி போகவர, எதிரும் புதிருமாக உட்கார்ந்து பேசித் தீர்த்தவை. கோபத்தோடு இழைக்கவே முடியாது. ஒருவர் முறுக்கிக்கொண்டு இழுத்தாலும் இழைப்புளிக்கு அடியில் இருக்கும் உளி மரத்தைக் கடித்துவிடும். அதனால் கதவு முடிவதற்குள் சண்டையும் முடிந்தாக வேண்டும். அந்தக் குடும்பம் குடைசாயாமல் நின்றதற்கு அந்தோணியார் பாதி காரணம் என்றால் இழைப்புளி மீதி.

போன வருஷம் ராயப்பராஜின் வலது முட்டி மக்கர் செய்தது. தரையில் சம்மணம் போடவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். ராயப்பராஜ் ஒரு வாரம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார். பிறகு எங்கோ இடித்த வீட்டின் வேப்ப உத்திரங்களை வாங்கிவந்து, நின்று வேலை செய்ய ஒரு மேசை செய்தார். இடுப்புயரம், தடித்த கால்கள், மரத்தைக் கவ்விப் பிடிக்க ஓரத்தில் ஒரு இரும்பு வைஸ். தள்ளும்போது மேசை நகரக்கூடாதென்று அதன் தலைமாட்டைச் சுவரில் முட்டக் கொடுத்து நிறுத்தினார். எதிரே ஆள் உட்கார இடமில்லை. சுவர்தான் இருந்தது.

தெருவே வந்து பார்த்தது. அத்தனை பேர் முன்னால் மனைவியின் பக்கம் திரும்பி, "இம்புட்டு நாளும் கஷ்டப்பட்டது போதும் ரோசு. இனி நீ வீட்ல சொகமா இரு" என்றார். அக்கம்பக்கத்துப் பெண்கள் கொடுத்துவைத்தவள் என்றார்கள். ரோஸ்மேரி சிரித்துவைத்தாள். நெஞ்சில் யாரோ ஆப்பு அடித்த மாதிரி இருந்தது.

சுகமாக இருப்பது லேசுப்பட்ட காரியமா? டிவி பார்த்தாள், சலித்தது. ஜெபமாலைக் கூட்டத்துக்குப் போனாள், அங்கேயும் மேசையைப் பற்றித்தான் கேட்டார்கள். அந்த மேசையைக் கண்டாலே அவளுக்கு ஆகவில்லை. நானும் வருகிறேன் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். ஆனால் ஊர் கூட்டி ஓய்வு கொடுத்த மனிதரிடம் போய், எனக்கு என் இடம் வேண்டும் என்று எந்த வாயால் கேட்பது? சாப்பாட்டு நேரத்தில் இருவரும் தொட்டுக்கொள்ளும் வெஞ்சனத்தைப் பற்றி மட்டும் பேசினார்கள். பிறகு அதுவும் குறைந்தது.

அப்போதுதான் சின்னாளபட்டி நெசவுக்காரர் வீட்டிலிருந்து சொர்ணலட்சுமி இரட்டைக் கதவுக்குச் சொல்லிவிட்டுப் போனாள். அகலமான தேக்குப் பலகைகள் வந்து இறங்கின. ரோஸ்மேரி அடுக்களையில் வேலை செய்தபடியே கேட்டுக்கொண்டிருந்தாள். முதல் நாள் இழைப்புளியின் சத்தம் சீராக இருந்தது. மறுநாள் பாதிப் பலகையில் நின்று நின்று போயிற்று. அதற்கு மறுநாள் மரச் சிம்பு ஒன்று பிய்கிற சத்தம் கேட்டது. தொடர்ந்து சத்தமே இல்லை. அவள் உரித்துக்கொண்டிருந்த வெங்காயத்தைப் போட்டுவிட்டுப் பட்டறைக்கு ஓடினாள்.

ராயப்பராஜ் மேசையில் கையூன்றி, வலது காலைத் தரையில் படாமல் தூக்கிக்கொண்டு, சுவரைப் பார்த்தபடி நின்றிருந்தார். முட்டி பூசணிக்காய் மாதிரி வீங்கியிருந்தது. பலகை நடுவே மரம் பிய்ந்து கிடந்தது. அவளுக்குப் பரிதாபத்தைவிடக் கோபம்தான் முதலில் வந்தது.

உயரமான ஸ்டூலைக் கொண்டுவந்து அவரைப் பிடித்து உட்காரவைத்தாள். தெருவில் போன தங்கமுத்துவைக் கூப்பிட்டு, அவனும் அவளுமாக மேசையைச் சுவரிலிருந்து இழுத்து நடுவில் போட்டு, நகராதபடி கால்களுக்குக் கட்டை முட்டுக் கொடுத்தார்கள். அவன் போனதும் ஸ்டூலைச் சுவர்ப்பக்கம் நகர்த்தி, காலை நீட்டிக்கொள்ளச் சொல்லி அதில் அவரை உட்காரவைத்துவிட்டு, இழைப்புளியின் பின்கட்டையைத் தான் பிடித்தாள்.

"அது நான் தள்ற எடம்ல" என்றார் அவர்.

"கல்யாணமானதுலருந்து நீங்க தள்ளி நான் இழுத்தேன். இனி நான் தள்றேன், நீங்க இழுங்க. ஓய்வு வேணும்னு நான் எப்பவாச்சும் ஒங்ககிட்ட கேட்டேனா?"

அவர் முன்கட்டையைப் பிடித்தார். முதல் தள்ளலிலேயே உளி மரத்தைக் கடித்தது. அவள் கோபம் அப்படி. அவர் உளியை ஒரு தட்டுத் தட்டி ஏற்றிக்கொடுத்தார். இரண்டாவதும் கடித்தது. எத்தனையோ தடவைக்குப் பிறகுதான் கைக்கு வந்தது. அப்புறம் மெல்லிய சுருள் ஒன்று பலகையின் நீளத்துக்கும் எழும்பி வந்து அவர் மடியில் விழுந்தது.

ஐரின் போன் பண்ணினாளா என்று கேட்டார் ராயப்பராஜ். பண்ணினாள், மூன்று மாதமாம் என்றாள் ரோஸ்மேரி. அவர் கை அப்படியே நின்றுவிட்டது.

"எப்பச் சொன்னா?"

"போன ஞாயித்துக்கெழமை."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"எங்க வச்சு சொல்றது?" என்றாள் ரோஸ்மேரி.

அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "தள்ளு" என்றார்.