நாற்று கொடுத்தவர் பெயர்

எங்கள் ஐந்து ஊர்த் தக்காளியைக் குறுக்கே அறுத்தால் உள்ளே ஏழெட்டு அறைகள் இருக்கும். பழம் தட்டையாக, பரங்கிக்காய் மாதிரி வரி விழுந்திருக்கும். தோல் மெல்லிசு. சங்கரன்கோவில் சந்தைக்கு மாட்டுவண்டியில் வந்து சேர்வதற்குள் அடியில் கிடக்கிற பழம் நசுங்கி, பெட்டி ஈரமாகிவிடும். ஆனால் புளிப்பு அப்படி. ரசத்துக்கு இரண்டு பழம் பிழிந்தால் புளி கரைக்க வேண்டாம் என்று சொல்லித்தான் கோவில்பட்டி, சிவகாசி வியாபாரிகள் வாங்கினார்கள்.

வேறு பழத்தை எங்கள் பழம் என்று யாரும் விற்றுவிடக் கூடாது என்பதற்காக ஒரு சங்கம் வைத்திருந்தோம். சங்கத்துக்காரனின் பெட்டியில் காவியால் ஒரு கோடு இழுப்பார்கள். கோடு போட்ட பெட்டியை வியாபாரி பிரித்துப் பார்க்க மாட்டார், அப்படியே தூக்கிப் போவார். கோடு இல்லாதவன் சந்தையின் மேற்கு ஓரத்தில் உட்கார்ந்து, வருகிறவர்களைக் கூவிக் கூப்பிட்டு விற்க வேண்டும். நாலு பேர் முன்னால் பேசுவதற்கே நாக்கு ஒட்டிக்கொள்கிற எனக்குக் கூவி விற்பது என்பது செத்துப் பிழைக்கிற காரியம்.

சங்கத் தலைவரை எல்லோரும் அண்ணாச்சி என்போம். எங்கள் பக்கம் கரிசல் காடு, மழையைப் பார்த்து வெள்ளாமை. கிணற்றில் மோட்டார் வைத்திருந்தவர் அவர் ஒருவர்தான். ஆவணியிலேயே அவர் பாத்தி கட்டி நாற்றுப் பாவிவிடுவார். புரட்டாசியில் மழை விழுந்ததும் பாதி ஊர் அவர் தோட்டத்தில்தான் போய் நிற்கும். நாற்றுக்கு அவர் காசு வாங்கியதில்லை. அதைச் சொல்லாமல் இருக்க முடியாது. வெற்றிலை பாக்கோடு போய்க் கேட்க வேண்டும், காய்த்ததும் முதல் பறிப்பில் ஒரு பெட்டி அவர் வீட்டுக்கு அனுப்ப வேண்டும், அவ்வளவுதான். இன்னொன்றும் உண்டு. நாற்று கொடுத்த வீட்டை யாரும் குறை சொல்லக் கூடாது. சொன்னால் அடுத்த நடவு வேர் பிடிக்காது என்பார்கள். நானும் அதை நம்பினேன்.

எமர்ஜென்சி முடிந்த வருஷம் என் விதையை எலி தின்றுவிட்டது. சாம்பலில் பிசைந்து வரட்டியில் ஒட்டிக் காயவைத்திருந்த விதை. வேறு வழியில்லாமல் நானும் வெற்றிலையோடு அண்ணாச்சியிடம் போனேன். அவரே ஆளை விட்டுப் பிடுங்கிக் கொடுத்தார். செடி வழக்கத்தைவிடச் செழிப்பாக வந்தது. பழம் உருண்டையாக இருந்தது. நல்ல மழை, அதனால் இப்படி என்று நினைத்துக்கொண்டேன். இன்று நினைத்தாலும் என் தலையில் நானே குட்டிக்கொள்ளலாம் போலிருக்கிறது. முதல் பறிப்பை அவர் வீட்டுக்கு அனுப்பினேன். பெட்டி காலியாகத் திரும்பி வந்தது. ஒரு வார்த்தையும் வரவில்லை.

அடுத்த வாரம் சந்தையில், முந்தின லோடில் புளிப்பே இல்லை என்று ஒரு வியாபாரி சத்தம் போட்டார். அண்ணாச்சி கையில் கத்தியை எடுத்துக்கொண்டு பெட்டி வரிசையில் நடந்தார். பதினைந்து இருபது பெட்டிகளைத் தாண்டி என் முன்னால் வந்து நின்றார். ஒரு பழத்தை எடுத்துக் குறுக்கே அறுத்து, இரண்டு பாதியையும் உயர்த்திக் காட்டினார். இரண்டே அறை.

"ஏலே, இது எந்த ஊரு வெத?" என்று கேட்டார்.

நான் அவர் முகத்தையே பார்த்தேன். அவருக்குத் தெரியும். அவர் தோட்டத்துச் செடி. பாக்கெட்டில் வருகிற புது விதையை அவர் யாருக்கும் தெரியாமல் பாவியிருக்கிறார் என்பது அந்த நிமிஷம்தான் எனக்கு விளங்கியது. அவரே சொல்லிவிடுவார் என்று காத்துக்கொண்டு நின்றேன். என்னைச் சுற்றிக் கூட்டம் கூடிவிட்டது. "வாயில என்ன கொழுக்கட்டையா வச்சிருக்க? கேக்காருல்லா?" என்று பின்னாலிருந்து ஒருவன் சொன்னான். சிரித்தார்கள். என் காது இரண்டும் சுட்டது. நாற்று கொடுத்த வீட்டைக் குறை சொல்லக் கூடாது என்பது ஒரு பக்கம், வாய் வராதது ஒரு பக்கம்.

"கலப்படம் பண்ணுதவன் நம்ம கூட்டத்துக்கு வேண்டாம்" என்று சொல்லிவிட்டு, அண்ணாச்சி என் மூன்று பெட்டிகளையும் காலால் சாய்த்தார்.

மூன்று வெள்ளாமைக்கு எனக்குக் கோடு கிடையாது என்று விதித்தார்கள். மேற்கு ஓரத்தில் உட்கார்ந்தேன். என்னால் கூவ முடியவில்லை. என் மனைவி வந்து கூவினாள். மூன்று வருஷம் கழித்துக் கோடு திரும்பக் கிடைத்தது. ஆனால் 'கலப்படம்' என்ற பெயர் போகவில்லை. டீக்கடையில் "கலப்படத்துக்கு ஒரு டீ" என்பார்கள். பெரிய மகளைப் பெண் பார்க்க வந்தவர்களிடம்கூட வழி சொன்னவன், கலப்படம் வீடா என்று கேட்டுத்தான் காட்டியிருக்கிறான். அவர்கள் காப்பியைக் குடித்துவிட்டு எழுந்து போனார்கள். எதனால் அந்தச் சம்பந்தம் தட்டியது என்று அவர்கள் சொல்லவில்லை. எனக்குத் தெரியும்.

எனக்கு வேண்டியது ஒன்றே ஒன்றுதான். அந்தச் சந்தையில், அதே ஆட்கள் முன்னால், 'நாற்று நான் கொடுத்தது' என்று அவர் வாயால் சொல்ல வேண்டும். எட்டு வருஷம் அதை நினைத்துக்கொண்டே களை எடுத்தேன். அவர் எதிரில் வந்தால் துண்டைத் தோளிலிருந்து இறக்கிக் கும்பிடு போடுவேன். அவரும் தலையை ஆட்டுவார்.

எண்பதுகளின் நடுவில் சங்கத்தின் விதிகளைத் திருத்த வேண்டி வந்தது. பாக்கெட் விதை எங்கும் பரவிவிட்டது. பெட்டிக்கு மேலே நம் பழம், அடியில் உருண்டைப் பழம் என்று பலரும் செய்தார்கள். இனி கோட்டை நம்பி வாங்க முடியாது, விதியைச் சரியாக எழுதிக் கொடுங்கள் என்று வியாபாரிகள் சொல்லிவிட்டார்கள். பழைய விதிகள் ஐந்தும் ஒரு நீள நோட்டில் இருந்தன. ஐந்து ஊர் எல்லைக்குள் விளைந்திருக்க வேண்டும், காம்போடு பறிக்க வேண்டும், அந்த மாதிரி. விதை எங்கிருந்து வந்தது என்பதைப் பற்றி அதில் ஒரு வரியும் கிடையாது.

எட்டாம் வகுப்போடு நின்றவன் என்றாலும் என் கையெழுத்து அச்சு மாதிரி இருக்கும். நோட்டு என்னிடம் வந்தது. "இவன் எழுதட்டும், பேசத்தான் மாட்டான்" என்று அண்ணாச்சியே சொன்னார். நாலு நாள் எடுத்துக்கொண்டேன். எல்லோரும் சொன்னதையெல்லாம் ஒழுங்காக எழுதினேன். அறை ஐந்துக்குக் குறைந்தால் கோடு இல்லை. வியாபாரியின் ஆள் எந்தப் பெட்டியையும் அறுத்துப் பார்க்கலாம். எட்டாவதாக, யாரும் சொல்லாத ஒன்றை நானாக எழுதினேன். விதையோ நாற்றோ யாரிடம் வாங்கினோம் என்பதை நோட்டில் எழுதி, கொடுத்தவரிடம் கையெழுத்து வாங்க வேண்டும். பழம் தேறாவிட்டால் வாங்கியவருக்கும் கொடுத்தவருக்கும் சேர்த்தே மூன்று வெள்ளாமைக்குக் கோடு இல்லை.

கமிஷன் கடையில் கூட்டம் போட்டபோது நோட்டை உரக்க வாசித்தவர் அண்ணாச்சிதான். ஏழு முடிந்து எட்டுக்கு வந்தார். பாதியில் குரல் தணிந்தது. நான் கீழே கிடந்த சாக்கைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வியாபாரிகள் இது நியாயம்தானே என்று தங்களுக்குள் பேசிக்கொண்டார்கள். வேண்டாம் என்று அவர் சொன்னால், தன் நாற்றில் கோளாறு இருக்கிறது என்று அவரே ஒப்புக்கொண்ட மாதிரி ஆகும்.

"பாதிப் பேருக்கு நாத்து குடுக்கவன் நாந்தான். என் நாத்துல என்ன கொறை வந்துரப்போவுது? இருக்கட்டும்" என்று சிரித்துக்கொண்டே முதல் கையெழுத்தைப் போட்டார்.

அந்தப் புரட்டாசியில் என்னிடம் நல்ல விதை இருந்தது. அதைப் பானையிலேயே விட்டுவிட்டு வெற்றிலை பாக்கோடு அவர் தோட்டத்துக்குப் போனேன். எட்டு வருஷத்துக்குப் பிறகு வருகிறேன் என்பதில் அவருக்குச் சந்தோஷம். "இப்பமாது வந்தியே. எங்கன வேணும்னாலும் போயிப் புடுங்கிக்கோ" என்று கையை வீசிக் காட்டினார். முன்பக்கம் இருந்த பாத்திகள் எல்லாம் நாட்டு நாற்று. ஊருக்குக் கொடுக்க அதைத்தான் வைத்திருந்தார். விதி வந்தபிறகு அவரும் உஷாராகிவிட்டார். நான் அங்கே நிற்காமல் மோட்டார் ரூமுக்குப் பின்னால் போனேன். அங்கே வேலி மறைவில் இரண்டு பாத்தி இருந்தது. இலை வேறு, தண்டு வேறு, கசக்கினால் வாசனையும் வேறு. அவர் தன் சொந்தப் பெட்டிகளின் அடியில் போடுவதற்காக வைத்திருந்தது. அதில் நாலு கட்டுப் பிடுங்கி ஈரச்சாக்கில் சுற்றிக்கொண்டேன். திரும்பி வந்து நோட்டை நீட்டினேன். சாக்கைப் பிரித்துப் பார்க்காமலே கையெழுத்துப் போட்டார்.

நான் செய்தது சரி என்று சொல்லவில்லை. செய்தேன் என்று சொல்கிறேன்.

தை பிறந்து முதல் பறிப்பு. அவர் வீட்டுக்கு அனுப்பவில்லை. ஐந்து பெட்டியையும் நேரே சந்தைக்குக் கொண்டுவந்து கோடு போடுகிற இடத்தில் இறக்கினேன். வியாபாரியின் ஆள் வேறு வரிசையில் இரண்டு மூன்று பெட்டிகளை அறுத்துப் பார்த்துவிட்டு, போதும் என்று கத்தியைத் துடைத்துக்கொண்டிருந்தான். அண்ணாச்சி நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அவருடைய பெட்டிகள் கோடு வாங்கி, லாரிப் பக்கம் அடுக்கப்பட்டிருந்தன.

அன்று எனக்கு வாய் வந்தது.

"என் பெட்டிய அறுத்துப் பாருங்க."

தன் பெட்டியை அறுக்கச் சொல்லி யாரும் கேட்டதில்லை. அந்த ஆள் தயங்கி ஒரு பழத்தை எடுத்து அறுத்தான். இரண்டு அறை. இன்னொன்று. இரண்டு. வேறு பெட்டியில் ஒன்று. மூன்று.

"கலப்படம் மறுபடியும் கலப்படம் பண்ணிட்டான்வே" என்று யாரோ சிரித்தார்கள்.

நான் நோட்டை விரித்து வியாபாரியிடம் கொடுத்தேன். அவர் என் பெயருக்கு நேரே இருந்த கையெழுத்தைப் பார்த்தார், அண்ணாச்சியைப் பார்த்தார். சிரிப்பு நின்றது. அண்ணாச்சி எழுந்து வந்து பழத்தைக் கையில் வாங்கிப் பார்த்தார். எந்தப் பாத்தியிலிருந்து போன செடி என்று அவருக்குப் பார்த்ததும் தெரிந்துவிட்டது. மோட்டார் ரூமுக்குப் பின்னால் திருட்டுத்தனமாகப் பிடுங்கிவிட்டான் என்று என்னைச் சொல்ல வேண்டுமென்றால், அங்கே அப்படி ஒரு பாத்தி இருப்பதையும் சொல்ல வேண்டும். கையெழுத்து தன்னுடையது இல்லை என்று சொல்லவும் வழியில்லை.

அவர் என்னைப் பார்த்தார். சொல்லிவிடேன் என்று கேட்கிற பார்வை. அந்தப் பார்வை எனக்குப் பழக்கமானது. நான் பேசாமல் நின்றேன். பேசாமல் நிற்பது எனக்குத் தெரிந்த வேலை.

"யாரு குடுத்த நாத்து அண்ணாச்சி?" என்று வியாபாரி மரியாதையாகத்தான் கேட்டார்.

"நான் குடுத்ததுதான்" என்றார். முன்வரிசைக்கு மட்டுமே கேட்டது. பின்னால் நின்றவர்கள், என்ன சொல்லுதாரு என்று கேட்டார்கள். அவர் இன்னொரு தடவை, கொஞ்சம் சத்தமாகச் சொல்ல வேண்டியதாயிற்று.

லாரிப் பக்கம் அடுக்கியிருந்த அவர் பெட்டிகளை இறக்கிக் கொட்டினார்கள். ஒவ்வொன்றிலும் அடியில் உருண்டைப் பழம் இருந்தது. காவிக்கோட்டை ஈரத்துணியால் துடைத்தார்கள். நான் கடைசிப் பெட்டி வரை நின்று பார்த்தேன். "கலப்படத்துக்கு ஒரு அண்ணன் கெடச்சிட்டாருல்லா" என்று ஒருவன் சொன்னான். அதற்குத்தான் அன்று எல்லோரும் அதிகமாகச் சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்தது.

வீட்டில் என் மனைவி நான் சொன்னதை முழுதும் கேட்டுக்கொண்டாள். பானையில் நல்ல விதை சும்மா கிடப்பது அவளுக்கு அப்போதுதான் புரிந்தது. "உங்க மூக்க அறுத்துக்கிட்டு அவருக்குச் சகுனத்தடை பண்ணிருக்கிய" என்றாள். இன்னும் மூணு வருஷம் நாந்தான கூவணும் என்று கேட்டாள். நான் கூவுகிறேன் என்று சொன்னேன். அதன்படி கூவவும் செய்தேன். முதல் வாரம் குரலே எழும்பவில்லை. பிறகு பழகிவிட்டது.

அண்ணாச்சி தலைவர் வேலையை விட்டுவிட்டார். கோடு இல்லாத இடத்தில் வந்து உட்கார அவருக்கு மனசில்லை. தக்காளிக்குப் பதில் மிளகாய் போட்டார். அவர் தம்பி ஒருமுறை என்னைத் தேடி வந்து, எட்டாவது விதியைக் கொஞ்சம் தளர்த்தி எழுதினால் அண்ணன் மறுபடி நாற்றுப் போடுவார், ஊருக்கும் நல்லது என்று சொல்லிப் பார்த்தான். நோட்டு என்னிடம்தான் இருந்தது. திருத்த முடியாது என்று சொல்லி அனுப்பினேன். அவர் நாற்றுப் போடாததால் மழை தாமதித்த வருஷங்களில் பல பேர் நடவுக்குத் திண்டாடினார்கள். அதுவும் என் கணக்கில்தான் வரும். வரட்டும்.

போன வருஷம் திருவேங்கடத்திலிருந்து வரும் டவுன் பஸ்ஸில் ஏறினேன். கூட்டம். நடுவில் ஒரு சீட்டில் அண்ணாச்சி உட்கார்ந்திருந்தார். நன்றாக மெலிந்துவிட்டார். பக்கத்தில் இருந்தவர் அப்போதுதான் எழுந்து இறங்கினார். என்னைப் பார்த்ததும் சன்னல் ஓரமாக ஒதுங்கி, மடியிலிருந்த துண்டால் அந்த இடத்தைத் தட்டிவிட்டார்.

"வாரும் வே, உக்காரும்" என்றார். என்னை அவர் அப்படி மரியாதையாகக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை.

எனக்கு முழங்கால் வலி உண்டு. கண்டக்டரும் உட்காரச் சொன்னார். நான் மேல்கம்பியைப் பிடித்துக்கொண்டு சங்கரன்கோவில் வரை நின்றுகொண்டே வந்தேன். அவர் வேறு யாரையும் அங்கே உட்கார விடவில்லை.