மலிகாவின் பெயர் வரும்போது

“ஹஃப்சா?”

“பிரசன்ட், மேடம்!”

உள்ளறையிலிருந்து வரும் குரல் ஒன்றுதான். கேள்விக்குக் கட்டை, பதிலுக்குக் கீச்சு. கூடத்தில் அரிசி களைந்துகொண்டிருக்கும் குணசுந்தரிக்கு அதைக் கேட்டால்தான் உயிர் வருகிறது.

“நீயே கூப்ட்டு நீயே சொல்லிக்கிறியே, பைத்தியமாடி?”

“இப்டி பண்லன்னாதாம்மா பைத்தியம் புட்ச்சிரும்.”

தண்டையார்பேட்டை ஹவுசிங் போர்டில் இரண்டாம் மாடி. சங்கமித்ரா பி.காம். இரண்டாம் ஆண்டு. பன்றிக் காய்ச்சல் என்று டாக்டர் சொன்னதிலிருந்து அந்த அறைதான் கல்லூரி. சாப்பாட்டுத் தட்டைக் கதவடியில் வைத்துத் தட்டிவிட்டு அம்மா விலகிவிடுவாள். மகளோ காலையில் தலைவாரி, கட்டிலில் உட்கார்ந்து, வகுப்பு முழுவதையும் பெயர் சொல்லி அழைக்கிறாள். வேம்புக்கு மூக்கால் பதில். பாரிக்குத் தூக்கக் கலக்கத்தில். மலிகாவின் பெயர் வரும்போது மட்டும் செல்போனைப் பார்க்கிறாள். தாண்டிப் போகிறாள்.

மலிகாவும் அவளும் ஒரே பெஞ்சு, ஒரே தண்ணீர் பாட்டில். முந்தைய நிறுத்தத்தில் பஸ் ஏறியதும் மலிகா ஒரு மிஸ்டு கால் கொடுப்பாள். அதைக் கேட்டு இவள் படியிறங்கி ஓடுவாள். இவள் படுத்ததிலிருந்து அந்த மணி அடிக்கவே இல்லை. இவளாகக் கூப்பிடவும் பயம்.

“எட்த்து அவ இருமிட்டா இன்னாமா பண்ணுவேன்? நான் குட்ச்ச பாட்டில்லதான அவளும் குட்ச்சா!”

நேற்று மாலை மலிகாவே வந்து நின்றாள், கையில் நோன்புக் கஞ்சித் தூக்கோடு. குணசுந்தரி அவளைச் சுவரோரம் நிறுத்தி, உள்ளறைக் கதவை ஒரு சாண் திறந்தாள்.

“ஏண்டி ஒரு மிஸ்டு கால் குடுக்கல?” உள்ளிருந்து வந்த குரல் உடைந்திருந்தது.

“உன்னாண்ட ஒக்காந்தேன்னு என்னையும் வூட்லயே இருன்னுட்டாங்க. பஸ்ஸே ஏறல, அப்பால இன்னாத்துக்கு மிஸ்டு கால்? நீ பாட்டுக்குக் காய்ச்சலோட ஸ்டாப்பிங்குக்கு ஓடியாந்துட்டேன்னா?”

“லூசு! ஒடம்பு சுடுதா?”

“இல்ல.”

“இருமல்?”

“இல்லடி. பேஜாரு பண்ணாத, கஞ்சி ஆறிடும். பாங்கு சொல்றதுக்குள்ள வூட்டுக்குப் போவணும், வரட்டா?”

தூக்கை அறை வாசலில் வைத்துவிட்டு மலிகா போனாள். குணசுந்தரி அதை உள்ளே நகர்த்திக் கதவைச் சாத்தினாள்.

சங்கமித்ரா கஞ்சியைத் தொடவில்லை. தன் இருமலைத் துப்பட்டாவால் அழுத்திக்கொண்டு, சாத்திய கதவில் காதை வைத்தாள். செருப்பொலி படிகளில் இறங்கித் தேய்ந்து மறையும்வரை, அதனூடே ஓர் இருமல் கேட்கிறதா என்று மூச்சைப் பிடித்தபடி நின்றாள்.