என் பெயரில் வெளியே போன புத்தகம்

கண்டோன்மென்ட்டில் எங்கள் தேவாலயத்துக்குப் பின்புறம் இருந்த வாசகசாலையில் வேலைக்குச் சேர்ந்தபோது எனக்கு இருபத்திரண்டு வயது. மெட்ரிகுலேஷன் தேறி, இன்டர்மீடியட்டில் தவறி, வீட்டில் சும்மா இருந்தேன். அப்பா ராணுவ அலுவலகம் ஒன்றில் குமாஸ்தா. வாசகசாலை கமிட்டியில் அவருக்குத் தெரிந்தவர் ஒருவர் இருந்ததால் அந்த வேலை கிடைத்தது. புத்தகங்களுக்கு எண் போட வேண்டும், முத்திரை குத்த வேண்டும், வருகிறவர்களிடம் பதிவேட்டில் கையெழுத்து வாங்க வேண்டும். யுத்தம் நடந்துகொண்டிருந்த காலம். தெருவெல்லாம் சிப்பாய்கள். ஆனாலும் வாசகசாலைக்குள் மின்விசிறிச் சத்தத்தைத் தவிர வேறொன்றும் கேட்காது.

அப்போது பெங்களூர் இரண்டு ஊராக இருந்தது. எங்கள் பக்கம் வெள்ளைக்காரர் நிர்வாகம். சிட்டிப் பக்கம் மகாராஜாவின் அரசாங்கம். போலீஸும் இரண்டு. நாங்கள் கடைக்கும் கல்யாணத்துக்கும் போய் வந்துகொண்டுதான் இருந்தோம். ஆனால் அந்தப் பக்கத்து விஷயம் நம்முடையதல்ல என்ற நினைப்பு எல்லாருக்கும் உண்டு. எனக்கும் இருந்தது.

ஒரு சனிக்கிழமை மத்தியானம் டீச்சர் ஒருவர் வந்தார். என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவர். நீலக் கரை போட்ட வெள்ளைப் புடவை, கணுக்கால் வரைக்கும் செம்மண் புழுதி. சிட்டிப் பக்கத்து ஒக்கலிபுரத்திலிருந்து நடந்தே வந்திருந்தார். அங்கே மில் தொழிலாளர்களின் பிள்ளைகளுக்கான பள்ளிக்கூடத்தில் அவருக்கு வேலை.

பதிவேட்டை அவர் பக்கம் திருப்பினேன். பெயர், விலாசம், ஜாதி அல்லது சபை, உத்தியோகம் என்று நாலு கட்டம். மூன்றாவதை விட்டுவிட்டு மற்றதை நிரப்பினார்.

"இதையும் எழுதணும், டீச்சர்."

"எதுக்கு?"

"ரூல் அப்படி."

"நான் என்ன ஜாதின்னு தெரிஞ்சாத்தான் எந்த அலமாரியைத் திறக்கணும்னு உங்களுக்குத் தெரியுமா?"

கேலியாகக் கேட்கவில்லை. பதில் வேண்டும் என்பதுபோல நின்றார். அந்தக் கட்டத்தில் நானே ஒரு கோடு போட்டேன். அதன் பிறகு ஒவ்வொரு சனிக்கிழமையும் அவர் கையெழுத்துப் போடுவார், நான் கோடு போடுவேன்.

பழகப் பழகக் கொஞ்சம் சொன்னார். அவருடைய அப்பா கோலார் தங்கவயலில் சுரங்கத்துக்குள் இறங்கி வேலை செய்தவர். ஊரில் தெருவுக்குள் நடக்க முடியாத குடும்பம், சுரங்கத்துக்கு வந்த பிறகுதான் காலில் செருப்புப் போட்டது. இவர் மிஷன் விடுதியில் தங்கிப் படித்து டீச்சரானார். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளைச் சேர்க்கும்போது ஜாதிக் கட்டத்தைக் காலியாக விட்டுவிடுவாராம். சாயங்காலம் மேனேஜர் வந்து சிவப்பு மையால் நிரப்புவாராம். "தினமும் இதுதான். நான் விடுவேன், அவர் எழுதுவார்" என்றார்.

பின் சுவரோரம் ஒரு அலமாரி இருந்தது. குடிமக்களின் உரிமை, பெண்களுக்கு ஓட்டு, அரசியல் சட்டம் எழுதுவது எப்படி, ஒதுக்கி வைக்கப்பட்டவர்கள் தங்கள் வாழ்க்கையைத் தாங்களே எழுதியது, இப்படிப் புத்தகங்கள். எனக்கு அவையெல்லாம் வெறும் எண்கள். அவர் படிப்பதைப் பார்த்துத்தான் நானும் ஒன்றை எடுத்தேன். அதில் பாதி படித்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, எங்கள் தேவாலயத்தில் எந்தக் குடும்பம் எந்த பெஞ்சில் உட்காருகிறது என்று முதல்முறையாகக் கவனித்தேன். நாங்கள் முன்னாலிருந்து மூன்றாவது. கடைசி நாலு பெஞ்சுகளில் இருந்தவர்கள் ஒருநாளும் முன்னால் வந்ததில்லை. அம்மாவிடம் ஏன் என்று கேட்டேன். "அவங்க இடம் அது" என்றாள்.

டீச்சரை உறுப்பினராக்க முயன்றேன். இரண்டு உறுப்பினர்கள் சிபாரிசு செய்ய வேண்டும். ஒருவர் பார்க்கலாம் என்றார். இன்னொருவர் எந்தக் குடும்பம் என்று கேட்டார். அத்தோடு விட்டுவிட்டேன். அதற்குப் பதிலாக, அவர் கேட்ட புத்தகங்களை என் பெயரில் எழுதி அவரிடம் கொடுக்க ஆரம்பித்தேன்.

அப்படிப் போனதுதான் அந்தப் புத்தகம். மெட்ராஸில் அச்சான சின்னத் தமிழ்ப் புத்தகம், மஞ்சள் அட்டை. சட்டத்தின் முன்னால் ஒரு ஆள் என்றால் யார், அவரைப் போலீஸ் எப்போது பிடிக்கலாம், எப்போது கூடாது, கூலிக்காரருக்குக் கூட்டம் போட உரிமை உண்டா என்று கேள்வியும் பதிலுமாக எழுதியிருந்தது. யாருக்கும் புரியும். மூன்று வாரமாகியும் திரும்பி வரவில்லை. நான் கேட்கவுமில்லை.

அந்த மாதம் மில்களில் வேலைநிறுத்தம். சிட்டியில் கடைகள் மூடிக் கிடந்தன. ஒரு திங்கட்கிழமை எங்கள் காரியதரிசி ஒரு டைப் அடித்த காகிதத்தோடு வந்தார். சமஸ்தான உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்றவர். மல்லேஸ்வரத்திலிருந்து தினமும் ஜட்காவில் வருவார். நல்ல மனுஷர், உரக்கப் பேசிக் கேட்டதில்லை.

"இந்தப் பதினோரு புஸ்தகத்தையும் எடுத்துத் தனியா வைம்மா. இனிமே யாருக்கும் தரப்படாதாம். வியாழக்கிழமை போலீஸ்லேருந்து ஆள் வரா."

பத்தை எடுத்து வைத்தேன். பதினோராவது மஞ்சள் அட்டைப் புத்தகம்.

"இன்னொண்ணு எங்கே?"

"என் பேர்ல போயிருக்கு, சார்."

"அப்போ ஆத்துலேருந்து கொண்டுவந்துடு. பதறாதே."

அன்று வேலை முடிந்ததும் ஒக்கலிபுரத்துக்குப் போனேன். ரயில் நிலையத்துக்கு அந்தப் பக்கம் தகரக் கூரை போட்ட வரிசை வீடுகளில் ஒன்று அவருடையது. விஷயத்தைச் சொன்னதும் டீச்சர் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"முழுசா இல்லைங்க. பிரிச்சுட்டோம்."

"பிரிச்சீங்களா?"

"ஒரு புத்தகம், படிக்கிறவங்க பதினாலு பேர். ஒருத்தர் முடிச்சு இன்னொருத்தர் படிக்கிறதுன்னா வருஷமாகும். அதான் அஞ்சு பாகமாக்கி, கோணி ஊசியால தைச்சுக் கொடுத்தேன். திரும்ப ஒட்டித் தந்துடலாம்னு நினைச்சேன்."

கோபம் வந்தது. ஆனால் பதினாலு பேர் என்று அவர் சொன்ன விதத்தில் அதைக் காட்ட முடியவில்லை. இருவரும் வீடு வீடாகப் போனோம். நூல் சுற்றும் பிரிவில் வேலை செய்யும் பெண்கள். ஒருத்தி அரிசிப் பானைக்குள்ளிருந்து எடுத்துத் தந்தாள். காலண்டர் தாளில் அட்டை போட்டிருந்தாள். "இன்னும் ரெண்டு பக்கம் இருக்கே" என்றாள் இன்னொருத்தி. நின்றுகொண்டே அதைப் படித்து முடித்துவிட்டுக் கொடுத்தாள். நாலு பாகம் கிடைத்தது.

ஐந்தாவது பாகம் இருந்த வீட்டுக் கதவு திறந்து கிடந்தது. வேலைநிறுத்தத்தில் அந்த வீட்டுக்காரரை முந்தின நாள் சிட்டிப் போலீஸார் பிடித்துக்கொண்டு போயிருந்தார்கள். வீட்டைச் சோதனை போட்டு, துண்டுக் காகிதம் விடாமல் எல்லாவற்றையும் அள்ளிப் போயிருந்தார்கள். அவர் மனைவி, "அதுவும் போச்சு டீச்சர்" என்று மட்டும் சொன்னாள்.

அட்டை கிழிந்தாலும் யாருடையது என்று தெரிய வேண்டுமென்பதற்காக, எங்கள் புத்தகங்களில் உள்ளே ஒரு பக்கத்திலும் முத்திரை குத்துவோம். அந்தப் பக்கம் ஐந்தாவது பாகத்தில்தான் இருந்தது. குத்தியவள் நான்தான்.

வியாழக்கிழமை எங்கள் பக்கத்துப் போலீஸ் இன்ஸ்பெக்டர் வந்தார். தமிழர். மரியாதையாகத்தான் பேசினார். காரியதரிசி அவருக்குக் காபி வரவழைத்தார். சிட்டிப் போலீஸ் அனுப்பியிருந்த, கோணி நூல் தைத்த அந்த ஐந்தாவது பாகத்தை இன்ஸ்பெக்டர் மேஜை மேல் வைத்து முத்திரையைக் காட்டினார். புத்தகம் கொடுக்கும் பதிவேட்டில் என் பெயர் இருந்தது.

"உங்க பேர்ல எடுத்த புத்தகம் மில்காரன் வீட்டுக்கு எப்படிப் போச்சும்மா?"

"தெரியாது, சார்."

"இந்தப் பாகம் தொலைஞ்சுபோச்சுன்னு எழுதிக்கலாம். ஆனா அப்போ கேஸ் உங்க பேர்லதான் நிக்கும். உங்க அப்பா மிலிட்டரி ஆபீஸ்லதானே வேலை பார்க்கிறார்?"

அதை நான் அவரிடம் சொல்லியிருக்கவில்லை.

பிறகு வருகைப் பதிவேட்டைப் புரட்டினார். ஒரு வரியில் விரலை வைத்தார். "இவங்க யாரு? சனிக்கிழமை தவறாம வந்திருக்காங்க. ஒக்கலிபுரம் விலாசம். ஜாதிக் கட்டத்துல மட்டும் கோடு. வேற யாருக்கும் கோடு இல்லையே?"

அவருடைய காபியில் ஆடை படிந்துவிட்டது. காரியதரிசி என் பக்கம் குனிந்து, "சொல்லிடும்மா. அவருக்கே தெரிஞ்சதுதான். நீ சொல்லலேன்னாலும் அவளை விடப்போறதில்லே. உன் அப்பாவை நினைச்சுப் பாரு" என்றார்.

சொன்னேன். புத்தகத்தை அவருக்குக் கொடுத்தேன் என்று சொன்னேன். இன்ஸ்பெக்டர் எழுதினார், நான் கையெழுத்துப் போட்டேன். எழுத்து வழக்கம்போலத் தெளிவாகவே விழுந்தது. அதுதான் இன்றைக்கும் உறுத்துகிறது.

மற்ற பத்துப் புத்தகங்களையும் நான் கொண்டுவந்து வைத்திருந்த நாலு பாகங்களையும் அன்றே பின்கட்டில் எரிக்கச் சொன்னார்கள். தடித்த அட்டைகள் சீக்கிரம் பிடிக்கவில்லை. பியூன் குச்சியால் பிரித்துப் பிரித்துப் போட்டான். கண் எரிகிறது என்று சொல்லி நான் உள்ளே வந்துவிட்டேன்.

இரண்டு நாள் கழித்து, சனிக்கிழமை, டீச்சர் வந்தார். உள்ளே வரவில்லை, வராந்தாவில் நின்றார்.

"ஸ்டேஷனுக்குக் கூப்பிட்டு விசாரிச்சாங்க. அடிக்கல்லாம் இல்லை. ஆனா பள்ளிக்கூடத்துல நிறுத்திட்டாங்க. உங்களுக்கு ஒண்ணும் ஆகலையே?"

"இல்லை, டீச்சர்."

"உங்களை யாரும் எதுவும் கேட்கலையா?"

"இல்லை."

கொஞ்ச நேரம் என் முகத்தையே பார்த்தார். அப்புறம் சரி என்று தலையை ஆட்டிவிட்டுப் போனார். அவர் தெரு முனை திரும்பும் வரைக்கும் ஓடிப்போய்ச் சொல்லிவிடலாம் என்று நினைத்துக்கொண்டே நின்றேன்.

அதன் பிறகு என்னென்னவோ செய்து பார்த்தேன். பள்ளிக்கூட மேனேஜரின் வீட்டுக்குப் போனேன். அவர் கன்னடக்காரர், மளிகை மண்டி வைத்திருந்தவர். எனக்கு வந்த கன்னடத்தில் கெஞ்சினேன். "பேடம்மா, பேடா" என்று, வேண்டாமென்று கையை ஆட்டினார். "நல்ல டீச்சர்தான். பிள்ளைகள் இன்னும் அவங்களைத்தான் கேட்குது. போலீஸ் காகிதம் வந்தப்புறம் நான் என்ன செய்ய? நீங்க கண்டோன்மென்ட்டுக்காரங்க, உங்களுக்கு எங்க கஷ்டம் தெரியாது." அப்பாவிடம் சொன்னேன். அவர் தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு, "நான் வாயைத் திறந்தா நம்ம நாலு பேரும் தெருவுக்கு வந்துடுவோம்" என்றார். பாதிரியாரிடம் போனேன். ஜெபம் பண்ணுவோம் என்றார். பண்ணினோம்.

டீச்சர் தங்கவயலுக்கே திரும்பப் போகிறார் என்று மில்லில் வேலை செய்த ஒரு பெண் மூலமாகத் தெரிந்தது. காலை ரயில். சிட்டி ஸ்டேஷனுக்குப் போனேன். ஒரு தகரப் பெட்டி, ஒரு படுக்கைச் சுருட்டு. வழியனுப்ப ஏழெட்டுப் பிள்ளைகள் வந்திருந்தார்கள். அவர்களைத் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு என் பக்கம் வந்தார்.

"டீச்சர், உங்க பேரைச் சொன்னது நான்தான்."

"தெரியும்."

"எப்படி?"

"நீங்க கையெழுத்துப் போட்ட காகிதத்தை ஸ்டேஷன்ல முதல் நாளே காட்டினாங்க."

"அப்போ அன்னைக்கு ஏன் வந்தீங்க? எனக்கு ஒண்ணும் ஆகலையான்னு ஏன் கேட்டீங்க?"

"நீங்களே சொல்லுவீங்கன்னு நினைச்சேன். சொல்லியிருந்தா நல்லா இருந்திருக்கும்."

நான் அழ ஆரம்பித்தேன். அவர் தடுக்கவுமில்லை, சமாதானம் சொல்லவுமில்லை.

"உங்க நிலைமை எனக்குப் புரியாம இல்லை" என்றார். "ஆனா பரவாயில்லைன்னு என்னால இப்போ சொல்ல முடியாது. அதைச் சொல்லச் சொல்லி நிக்காதீங்க. எனக்குக் களைப்பா இருக்கு."

ரயில் ஊதியது. பிள்ளைகள் ஓடி வந்து அவரைச் சூழ்ந்துகொண்டார்கள். ஒருத்தி புடவைத் தலைப்பை விடவே மாட்டேன் என்று பிடித்துக்கொண்டிருந்தாள். அந்த விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துவிட்டு அவர் ஏறினார். ஜன்னல் வழியாகப் பிள்ளைகளுக்குக் கையாட்டினார்.

அடுத்த வருஷம் என்னை உதவி நூலகராக்கினார்கள். "நீ கஷ்டமான சமயத்துல வாசகசாலையைக் காப்பாத்தினே" என்றார் காரியதரிசி. வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தேன். "சந்தோஷம் சார்" என்றுதான் வந்தது.

சுதந்திரத்துக்குக் கொஞ்சம் முன்னால் எங்கள் பக்கமும் சமஸ்தானத்தோடு சேர்ந்தது. ஊர் ஒன்றானது. தெருவில் மிட்டாய் கொடுத்தார்கள். அந்த வருஷம், தங்கவயல் ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்த ஒரு பெண் எங்கள் தேவாலயத்துக்கு வந்தாள். டீச்சரைப் பற்றி விசாரித்தேன். தெரியும் என்றாள். எந்தப் பள்ளிக்கூடத்திலும் அவரை எடுத்துக்கொள்ளவில்லையாம். லயன் என்கிற வரிசை வீடுகளுக்கு நடுவே ஒரு கொட்டகையில் சுரங்கத் தொழிலாளர்களின் மனைவிகளுக்கு எழுதப் படிக்கச் சொல்லிக் கொடுக்கிறாராம். உடம்பு இளைத்துவிட்டது, இருமல் இருக்கிறது, ஆனால் குரல் மட்டும் கணீரென்று இருக்கிறது என்றாள்.

"போய்ப் பாருங்களேன், அக்கா. காலையில ரயில் ஏறினா மத்தியானத்துக்குள்ள போயிடலாம்."

போகிறேன் என்றேன். இரண்டு முறை கிளம்பினேன். ஒருமுறை கண்டோன்மென்ட் ஸ்டேஷன் வரைக்கும் போய் டிக்கெட்டும் வாங்கினேன். வண்டி வந்து நின்றது, போனது. நான் பிளாட்பாரத்து பெஞ்சில் உட்கார்ந்தபடியே இருந்தேன்.