ஆரின் டிபெட்ஸின் கை குற்றமற்றது

உருளைக்கிழங்குக் கிடங்கின் கன்வேயர் சங்கிலியில் ஆரின் டிபெட்ஸின் வலது கை மாட்டியபோது அவனுக்கு வயது ஐம்பத்தொன்று. கை தப்பியது. இரண்டு விரல் மட்டும் மடங்க மறந்துவிட்டன. ஐடஹோவில் எங்கள் பக்கத்துக் கிடங்குகளில் இப்படி விரலைக் கொடுத்தவர்கள் ஏராளம் என்பதால் யாரும் அதைப் பெரிதாகப் பேசவில்லை, அவனும் பேசவில்லை. ஆனால் அவன் பிஸ்டல் சுடுகிற கை அதுதான். ஒற்றைக் கையை நீட்டி, ஐம்பது கஜம் தள்ளி நிற்கிற சாப்பாட்டுத் தட்டளவு கறுப்பு வட்டத்தைச் சுட வேண்டும். இருபது வருஷமாக அவன் மனசுக்கு அதுதான் தேவாலயம். மனைவி கோலீன் இதைச் சொல்லிச் சொல்லித் திட்டுவாள்.

ஆறு மாசம் கழித்து கிளப்புக்குத் திரும்பினான். முதல் போட்டியிலேயே ஒரு தோட்டா குழலுக்குள் முழுசாகப் போகாமல் பாதியில் நின்றுவிட்டது. போட்டி விதிப்படி இடது கையைத் தூக்கினான், மறுபடி சுட விட்டார்கள். அவ்வளவுதான் விஷயம். ஆனால் வரிசையில் நின்ற அத்தனை பேரும் தன் விரல்களைத்தான் பார்த்தார்கள் என்று அவனுக்குத் தோன்றியது.

அவன் தோட்டாவை அவனேதான் செய்வான். சுட்டு விழுந்த பித்தளைக் கூட்டைப் பொறுக்கிக் கழுவி, பொறி தட்டுகிற புதுக் கேப்பு வைத்து, வெடிமருந்து போட்டு, ஈயக் குண்டைக் கூட்டின் வாயில் செருகி, அந்த வாயைக் குண்டோடு சேர்த்து அச்சில் ஓர் இறுக்கு. அன்றைக்கு வீட்டுக்குப் போனதும் அந்த அச்சை இன்னும் கொஞ்சம் கீழே திருகி இறுக்கத்தைக் கூட்டினான். இனி எந்தத் தோட்டாவும் மாட்டக் கூடாது. மாட்டவும் இல்லை.

அதற்குப் பிறகுதான் கூத்து. குளிர்காலம் முழுக்க உள்ளரங்கில் இருபத்தைந்து கஜத்தில் ஏதோ ஒப்பேறியது. வசந்தத்தில் வெளியே வந்து ஐம்பதில் சுட்டால் ஓட்டைகள் கோழிக்குத் தீனி வீசின மாதிரி சிதறின. இந்த ஆட்டத்தில் ஒரு பழக்கம் உண்டு. குண்டு போன இடத்தைத் தொலைநோக்கியில் பார்ப்பதற்கு முன்பே சுட்டவன் வாயால் சொல்ல வேண்டும். "பத்து, கொஞ்சம் வலது" என்பான் ஆரின். பார்த்தால் இடது பக்கம் ஏழு. கையும் கண்ணும் சேர்ந்து பொய் சொல்கின்றன என்றுதானே மனுஷன் நினைப்பான்?

ஒரு வருஷம் போராடினான். வெடிமருந்தை மூன்று தடவை எடை போட்டுப் பார்த்தான். குண்டுகளை ஒவ்வொன்றாகத் தராசில் வைத்துப் பிரித்தான். கூடுகளைக் கம்பெனிவாரியாக டப்பாவில் அடுக்கினான். ஒன்றும் மாறவில்லை. ஜூன் மாசம் ஒரு வெள்ளிக்கிழமை, மறுநாள் நால்வர் அணிப் போட்டியை வைத்துக்கொண்டு, மார்வா ஜென்சனிடம் போய் நின்றான். அவள் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவள், அவனைவிடப் பத்து வயசு மூத்தவள், அணித் தலைவி.

"என் இடத்துக்கு வேற ஆளைப் போட்டுக்கோ. பிஸ்டலையும் வித்துடறேன். கை போச்சு."

"கை போச்சுன்னு யாரு சொன்னா? டாக்டரா?"

"டார்கெட் சொல்லுது."

"டார்கெட்டுக்குக் கை எதுன்னு தெரியுமாய்யா? வா இங்கே."

கிளப்பில் சிமெண்டுத் தூணில் முடுக்கிய இரும்புத் தாங்கி ஒன்று உண்டு. பிஸ்டலை அதில் பூட்டிவிட்டால் மனுஷக் கைக்கு வேலையே இல்லை. மார்வா அவன் பிஸ்டலைப் பூட்டி, முதலில் தன் தோட்டா பத்தைச் சுட்டாள். பத்தும் ஒரு தேநீர்க் கோப்பைக்குள் அடங்கின. அடுத்து அவன் தோட்டா பத்து. உள்ளங்கையை அகல விரித்தாலும் மூடவில்லை.

ஆரின் அந்த அட்டையையே பார்த்துக்கொண்டு நின்றான். இரும்பு சுட்டும் சிதறுகிறது.

"இதுல உன் விரல் எங்கேய்யா இருக்கு? காட்டு பாக்கலாம்," என்றாள் மார்வா.

"அப்போ தோட்டாவா? எல்லாம் நிறுத்துப் பாத்தேனே!"

"கெழவி கழுத்துச் சங்கிலியை நிறுத்துப் பாத்துட்டு, கெழவிக்கு மூச்சு வருதான்னு பாக்காத கதை. சுத்தியலை எடு."

தோட்டாவை உள்ளே வைத்துத் தரையில் தட்டினால் குண்டு கழன்று விழுகிற பிளாஸ்டிக் சுத்தியல் அது. ஐந்து தோட்டாவைத் தட்டிக் கழற்றினார்கள். ஒவ்வொரு ஈயக் குண்டின் இடுப்பிலும் கயிறு கட்டி இழுத்த மாதிரி ஆழத் தழும்பு. வெர்னியர் அளவுகோலில் பிடித்தால் தழும்புக்குக் கீழே குண்டு ஒரு மயிரிழை ஒல்லி.

"நெரிச்சுக் கொன்னுருக்கியே, பாவி! ஈயம்யா இது, இரும்பில்ல. இப்படி ஒல்லியாக்கினா குழல் பிடிக்குமா? தள்ளாடிக்கிட்டுத்தான் போகும்."

அச்சை எப்போது திருகினான் என்று அவனுக்கு அந்த நிமிஷமே ஞாபகம் வந்தது. சொன்னான். கைதூக்கிய அன்றைக்கு எல்லாரும் விரலைப் பார்த்த கதையையும் சேர்த்துச் சொன்னான். மார்வா சிரிக்கவில்லை.

"நான் அன்னைக்கு உன் விரலைப் பாக்கலை. நீ திரும்பி வந்துட்டியேன்னு பாத்தேன்," என்றாள். "போ, அச்சைத் தளர்த்து. ஒரு தோட்டா செஞ்சதும் உன் குழல்லயே போட்டுப் பாரு. தடுக்காம விழுந்து, கவுத்ததும் தானா வெளிய வந்தா, அங்கேயே நிறுத்து."

அன்று மாலை அறுபது செய்தான். ஒவ்வொன்றையும் குழலில் போட்டுப் பார்த்தான். கோலீன் எட்டிப் பார்த்து, "பாவமன்னிப்பா?" என்றாள். "கைக்குக் குடுக்கறேன்," என்றான்.

சனிக்கிழமை ஐம்பது கஜத்தில் பத்துக் குண்டு. ஒன்பது கறுப்புக்குள் நெருங்கி விழுந்தன. எட்டாவது குண்டில் விரல் இழுத்துவிட்டது. "ஏழு, கீழே இடது," என்றான். தொலைநோக்கியில் குனிந்த மார்வா நிமிர்ந்தாள். "ஏழு. கீழே இடது."

ஆரினுக்குக் கண் கலங்கிவிட்டது. அந்த ஏழு அவனுடையது, அவன் கை செய்த தப்பு, அது செய்ததை அது ஒளிக்காமல் சொல்லிவிட்டது.

"ரொம்ப நன்றி, மார்வா."

"ஏழு போட்டதுக்கு நன்றியா? ரெண்டு பாயிண்ட்ல தோத்துருக்கோம், தெரியுமா?"

"தெரியும். நன்றி."

"அடுத்த சனிக்கிழமை எட்டரைக்கு வந்துரு," என்று சொல்லிவிட்டு, அணித் தாளில் அவன் பெயரை எழுதினாள்.