மரகதத்தை நான் சாக விடவில்லை

கல்லிடைக்குறிச்சி ஸ்டேஷனில் காலை ரயில் ஏறினால் பெண்கள் பெட்டி முழுக்கப் பெருங்காய வாசனைதான். பேச்சியக்காவின் அப்பளக் கூடை! வெள்ளிக்கிழமைகளில் மட்டும் அதோடு புதுத்தாள் வாசனையும் சேர்ந்துகொள்ளும்... என் கையில் இருக்கும் வாரப்பத்திரிகை.

வண்ணார்பேட்டையில் ஒரு டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டில் நான் வேலைக்குச் சேர்ந்த புதுசு அது. பேச்சியக்கா டவுண் கடைகளுக்கு அப்பளம் கொண்டுபோகிறவர். சேரன்மகாதேவியில் ஏறும் ஸ்டெல்லா டீச்சருக்குப் பாளையங்கோட்டையில் பள்ளிக்கூடம். எங்கள் மூன்று பேரையும் சேர்த்துவைத்தது ஒருத்திதான்.

மரகதம்!

அந்தப் பத்திரிகையில் வந்த தொடர்கதையின் நாயகி. குடிகாரப் புருஷன், வாய் ஓயாத மாமியார். ஆனாலும் எதற்கும் ஒரு பதில் வைத்திருப்பாள். பேச்சியக்காவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது என்பதால் டீச்சர் ஏறியதும் நான் சத்தமாக வாசிப்பேன். வாசிக்கப் பத்து நிமிஷம், சண்டை போட ஜங்ஷன் வரைக்கும்! மரகதம் ஏன் வளையலைக் கழற்றி வைத்தாள், ஏன் அண்ணனுக்குக் கடுதாசி போடவில்லை... பரீட்சைக்குக்கூட நான் இவ்வளவு யோசித்ததில்லை.

ஒரு வெள்ளிக்கிழமை அந்த அத்தியாயம் வந்தது. புருஷன் அடித்துவிட்டான். மரகதம் வாசப்படியில் நின்று திரும்பிப் பார்த்து, ‘போறேன்’ என்கிறாள். தொடரும்...

பேச்சியக்கா என் பக்கம் குனிந்தார்.

“போறேன்னா சொல்லுதா? நல்லாப் பாருட்டி. போயிட்டு வாரேன்னு இருக்கும்.”

பார்த்தேன். ‘போறேன்’தான்.

“அச்சுல விட்டிருப்பாங்க பேச்சி. ஒரு வார்த்தையில என்ன இருக்கு?” என்றார் ஸ்டெல்லா டீச்சர்.

“என்ன டீச்சர் இப்படிச் சொல்லுதிய? தெருமுனைக் கடைக்குப் போனாக்கூட வாரேன்னுதான சொல்லிட்டுப் போறோம்? வாசப்படியில நின்னு எவளாவது போறேன்னு சொல்லுவாளா?”

அவ்வளவுதான், பெட்டி இரண்டு கட்சியாகிவிட்டது! ஜன்னலோரம் அதுவரை வாயே திறக்காத ஒரு பெண், “அவ அம்மா வீட்டுக்குத்தான் போவா, எழுதி வச்சுக்கோங்க” என்று எழுந்தே நின்றுவிட்டாள்.

ஜங்ஷனில் கூடையை இறக்கும்போது பேச்சியக்கா எனக்கு மட்டும் கேட்கும்படி சொன்னார்.

“நானும் ஒருநா போறேன்னுதான்ட்டி சொல்லிட்டு வீட்ட விட்டு எறங்குனேன். ஆத்துப் படித்துறை வரைக்கும் போயிட்டு, பிள்ளைய நெனச்சுத் திரும்பி வந்துட்டேன். அவளும் வரணும்ட்டி.”

கூடையைத் தலையில் ஏற்றிக்கொண்டு விறுவிறுவென்று நடந்துவிட்டார்.

அடுத்த வெள்ளி, ஸ்டேஷன் வாசல் கடையில் நின்றபடியே படித்துவிட்டேன். மரகதம் செத்துப்போனாள். ஆறு கொண்டுபோய்விட்டதாம். எழுதிய மனுஷர் மட்டும் என் கையில் கிடைத்திருந்தால்... அப்படி ஒரு ஆத்திரம்!

ரயிலில் பேச்சியக்கா எனக்கு நேர் எதிரே, கூடையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். டீச்சரும் ஏறியாயிற்று.

“வாசிட்டி.”

பத்திரிகையைப் பின்பக்கமாக மடித்துப் பிடித்தேன். “மரகதம் படித்துறையில் காலை வைத்தாள். தண்ணீர் சில்லென்று இருந்தது...” அதுவரைக்கும் அச்சில் இருந்தது. அதற்குமேல் என் வாய் தானாகப் பேசிவிட்டது. “முகத்தைக் கழுவிக்கொண்டாள். படியேறி வந்து பஸ் ஏறினாள்.”

ஸ்டெல்லா டீச்சர் தலையைத் தூக்கினார். அவர் பையில் இன்னொரு பிரதி துருத்திக்கொண்டிருந்தது. படித்துவிட்டார் போல! கண்ணாலேயே கெஞ்சினேன். டீச்சர் பத்திரிகையைப் பைக்குள் அழுத்தித் தள்ளிவிட்டு நிதானமாகக் கேட்டார்.

“எந்த ஊரு பஸ்ல ஏறினா?”

“தென்காசி!” என்றேன்.

அன்றிலிருந்து வாரம் முழுக்க டைப் அடித்துக்கொண்டே இதே யோசனைதான்; வெள்ளிக்கிழமை வந்தால் பத்திரிகையை விரித்துவைத்து, யோசித்ததை வாசிப்பேன். தென்காசியில் மரகதத்துக்கு வீடு பிடித்தேன், தையல் பழக்கினேன். புருஷன் வந்து கெஞ்சியபோது கதவைத் திறக்க விடவில்லை. அந்த வாரம் பெட்டியில் கைதட்டல்! அவள் சொந்தமாகத் தையல்கடை போடலாமா என்று யோசிக்கும் இடத்தில் எனக்குக் கல்யாணம் நிச்சயமாகி, கோயம்புத்தூர் போய்விட்டேன். கதை அந்தரத்தில் நின்றது.

இப்போது என் மகள் காலேஜில் படிக்கிறாள். அவளுக்குப் பிடித்த சீரிஸில் ஹீரோ செத்துவிட்டானாம். இரண்டு நாளாகச் சோறு இறங்கவில்லை. போன் குரூப்பில் ஐந்நூறு பேர் சேர்ந்து அவன் கடைசியாக ஏன் இடது பக்கம் பார்த்தான் என்று ஆராய்கிறார்கள். அவனைப் பிழைக்கவைத்துக் கதையும் எழுதுகிறாள்! “இதுக்குப் பேரு ஃபேன் ஃபிக்‌ஷன்மா, உனக்குப் புரியாது” என்றாள். எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. அவளுக்கு நூறு லைக் வருகிறது. ஆனால் கேட்கிறவர் முகம் எதிரே மலர்வதைப் பார்க்க அவளுக்கு ஒரு ரயில் பெட்டி இல்லையே என்று கொஞ்சம் வருத்தமாகவும் இருந்தது.

அந்த வேகத்தில் விசாரித்து, நம்பர் வாங்கி, பேச்சியக்காவுக்கே போன் போட்டுவிட்டேன். குசலம் விசாரித்து முடித்ததும் உண்மையைச் சொன்னேன். “அக்கா, மரகதம் அன்னைக்கே செத்துட்டா. நான்தான் பொய்யா வாசிச்சேன்.”

அக்கா ஒரு சிரிப்புச் சிரித்தார் பாருங்கள்!

“எழுத்துதான்ட்டி எனக்குத் தெரியாது. படம் தெரியாதா? நீ மடிச்சுப் பிடிச்சதுல எம் பக்கம் படம்லா இருந்துச்சு. மரகதம் போட்டோவுக்கு அவ புருஷங்காரன் மாலை போட்டு வெளக்கேத்தி வச்சிருந்தான்.”

“பொறவு ஏன்க்கா ஒண்ணும் சொல்லல?”

“அவள உசுரோட வச்சிருக்க நீ அம்புட்டுப் பாடுபடுத. நான் போய்க் கெடுப்பனா?” அதே மூச்சில் கேட்டார். “சரி, அந்தத் தையக்கடைய தெறந்தாளா இல்லையா? அதச் சொல்லாமலே போயிட்டியேட்டி!”

மகள் தன் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

“கடை ரெடிக்கா,” என்றேன். “நீங்க வந்து வெளக்கேத்துனாத்தான் தெறப்பேன்னு ஒத்தக்கால்ல நிக்கா!”