சிவப்புச் சீட்டும் தண்ணித் தெள்ளும்

வின்சிக்கு மறை கழன்றுவிட்டது என்றுதான் வெகுநாள் நினைத்திருந்தேன். அவள் என் லைனில் வேலை செய்கிறவள். வாரத்தில் ஆறு நாள் மூக்கண்டப்பள்ளி ஃபேக்டரியில் பேரிங் வளையத்தில் கீறல் இருக்கிறதா என்று லென்ஸ் வைத்துப் பார்ப்பாள். ஏழாம் நாளாவது கண்ணுக்கு ஓய்வு கொடுக்க வேண்டாமா? சர்ச் முடிந்ததும் லென்ஸோடு குடியிருப்புக்குப் பின்னால் ஓடும் ஓடைக்குப் போய்விடுவாள். கரையோரக் கோரைப்புல் வேரடியில் ஒரு டம்ளர் தண்ணீர் மொண்டு அதையே உற்றுப் பார்ப்பாள்.

நாகரசம்பட்டி மாந்தோப்புக் குடும்பம் அவளுடையது. விலங்கியல் படித்துவிட்டு, அதற்கு வேலை கிடைக்காமல் பேரிங்குக்கு வந்தவள். "தண்ணித் தெள்ளு தேடறேன்க்கா" என்பாள். இறாலுக்குச் சொந்தமாம், கடுகைவிடச் சின்னதாம். ஓடை நுரையும் நாற்றமுமாகக் கிடந்த மூன்று வருஷமும் ஒன்றுகூடச் சிக்கவில்லை. போன கார்த்திகையில் டம்ளரோடு என் வீட்டுக்கே ஓடி வந்தாள். "தெள்ளு வந்திருச்சுக்கா, ஓடை பொழச்சிருச்சு." நான் சாம்பார் தாளித்துக்கொண்டிருந்தேன், திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அதை நினைத்தால் இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது.

இந்த வருஷம் கம்பெனியில் ஓடையைச் சுத்தம் செய்யக் கிளம்பினோம். பொறுப்பு என்னிடம். ஃபேக்டரிக்குள் என்ன வழக்கமோ அதையே அங்கேயும் செய்தேன். வேண்டாத பொருளில் சிவப்புச் சீட்டுக் கட்டுவோம். 'பயன்படுத்துபவர்' என்ற இடத்தில் ஏழு நாளில் பெயரும் கையெழுத்தும் விழாவிட்டால் பொருள் வெளியே போகும். கோரை, ஊறிய இலை, வேர்ச் சிக்கல் எல்லாவற்றுக்கும் என் கையாலேயே சீட்டுக் கட்டினேன். திங்கட்கிழமை ஜேசிபி வருவதாக ஏற்பாடு.

"அதையெல்லாம் வாரிட்டா அதுங்க எங்கக்கா ஒண்டும்? நடுத்தண்ணிக்குப் போனா மீனு வுட்டு வைக்குமா?" என்றாள் வின்சி. முகம் செத்துப்போயிருந்தது.

சனிக்கிழமை காலை மீட்டிங்கில் இரண்டு கண்ணாடி டம்ளரோடு வந்து நின்றாள்.

"சார், இதுல எது ஓகே, எது ரிஜெக்ட்?"

மேனேஜர் ஹரீஷ்குமார் தெளிந்த தண்ணீரை ஓகே என்றார். நானும் அதையேதான் சொன்னேன். பதினெட்டு வருஷ இன்ஸ்பெக்‌ஷன் அனுபவமாயிற்றே!

"அது ஓடை நடுவுல மொண்டதுங்க சார். ஒண்ணுமே இல்ல. இது கோரையடித் தண்ணி" என்று கலங்கிய டம்ளரையும் லென்ஸையும் என்னிடம் நீட்டினாள்.

பார்த்தேன். கண்ணாடி மாதிரி உடம்பு. உள்ளே நெஞ்சு துடிப்பது தெரிந்தது. ஒன்றின் முதுகில் முட்டைகள். "அது புள்ளத்தாச்சிக்கா" என்றாள். லென்ஸை மேனேஜரிடம் நீட்டினேன்.

மேனேஜரும் பார்த்தார். ஆனால், "ரூல்னு ஒண்ணு இருக்குதும்மா. இதுங்களா வந்து கையெழுத்துப் போடும்?" என்றார். வின்சி தலையைக் குனிந்துகொண்டாள்.

சாயங்காலம் நான் மட்டும் ஓடைக்குப் போனேன். ஒவ்வொரு சீட்டிலும் பயன்படுத்துபவர் என்ற இடத்தில் 'தண்ணித் தெள்ளு, மூன்று ஷிஃப்டும்' என்று எழுதினேன். கீழே, 'அதன் சார்பாக, சரஸ்வதி' என்று கையெழுத்துப் போட்டேன்.

திங்கட்கிழமை ஹரீஷ்குமார் நாலைந்து சீட்டுகளைப் படித்தார். என்னை ஒரு பார்வை பார்த்தார். பிறகு ஜேசிபி டிரைவரிடம் கன்னடத்தில், பிளாஸ்டிக்கை மட்டும் வாரச் சொன்னார்.

வின்சி ஒரு சீட்டைக் கையில் பிடித்தபடியே நின்றாள்.

"என்ன புள்ள, தப்பா எழுதிட்டனா?" என்றேன்.

"இல்லக்கா. அதுங்க பேர இன்னொருத்தர் எழுதி இப்பத்தான் பாக்கறேன்" என்றாள்.